லிமிடெட் எடிஷன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினால் விலை நிற்குமா? திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் கார் தரகர் இல்லை. வங்கியில் கணக்குப் பார்க்கிற ஆள். ஞாயிறு காலையில் உப்புவெளியில் ஒரு சிநேகிதனின் கராஜில் போய் உட்கார்ந்து, பிளேன்ரீ குடித்துக்கொண்டு அடுத்தவன் காரின் வயிற்றைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி திரும்பத் திறந்ததிலிருந்து கேள்விகள் கூடிவிட்டன. ஊரில் இருக்கிறவர்கள் போதாதென்று லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கிற மச்சான்மாரும் நடு இரவில் வட்சப்பில் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குரல்பதிவு அனுப்பிக் களைத்துப்போய் இதை எழுதுகிறேன்.

"லிமிடெட் எடிஷன்" என்று பட்ஜ் இருந்தால் விலை இறங்காதுதானே?

இறங்கும். பெரும்பாலானவை இறங்கத்தான் செய்கின்றன.

நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பட்ஜ், கோடு போட்ட ஸ்டிக்கர், தனி நிறம், தனித் தையல் போட்ட சீட், இலக்கம் பொறித்த தகடு எல்லாவற்றையும் மனதுக்குள்ளேயே கழற்றி நிலத்தில் வையுங்கள். மிஞ்சி நிற்பது ஷோரூமில் யாருக்கும் கிடைக்கிற சாதாரணக் கார்தான் என்றால், பத்துப் பன்னிரண்டு வருடத்தில் விலையும் அந்தச் சாதாரணக் காருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வாங்க வருகிறவர் கொஞ்சம் கூடுதலாக ஆசைப்படுவார், அவ்வளவுதான்.

சுபாரு இம்ப்ரெசா 22பியை இப்படிக் கழற்றிப் பாருங்கள். 1995, 1996, 1997 என்று தொடர்ந்து மூன்று வருடம் உலக ரலி தயாரிப்பாளர் பட்டத்தை வென்றதற்காக 1998இல் சுபாரு செய்த கார் அது. ஜப்பானுக்கு 400, இங்கிலாந்துக்கு 16, அவுஸ்திரேலியாவுக்கு 5. அந்தக் காலத்து மற்ற டர்போ இம்ப்ரெசாக்களில் 2 லீட்டர் எஞ்சின், இதில் 2.2. பொடி இரண்டு பக்கமும் வீங்கி அகன்றிருக்கும். பட்ஜை எடுத்தாலும் 22பி 22பிதான். இன்று நல்ல நிலையில் ஒன்று ஏலத்துக்கு வந்தால் இரண்டு இலட்சம் அமெரிக்க டொலரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது.

இப்போது மஸ்டா எம்எக்ஸ்-5இன் பத்தாவது ஆண்டு எடிஷனை எடுங்கள். 1999இல் வந்தது, நீல நிறம், உலகம் முழுக்க 7,500, ஒவ்வொன்றிலும் இலக்கத் தகடு. அருமையான கார். ஆறு கியர், பில்ஸ்டைன் ஷொக் அப்சோபர் என்று உள்ளேயும் ஏதோ வைத்துத்தான் கொடுத்தார்கள். ஆனால் அந்த ஆறு கியரும் பில்ஸ்டைனும் மற்ற எம்எக்ஸ்-5களிலும் கிடைத்தன. கடைசியில் நீல நிறமும் தகடும்தான் தனி. அதனால் 22பிக்கு நடந்தது இதற்கு நடக்கவில்லை.

எத்தனை கார் செய்தார்கள் என்று பார்த்தால் போதாதா?

போதாது. குறைவாகச் செய்ததெல்லாம் அரிது என்று நினைப்பதுதான் எல்லோரும் விழுகிற குழி.

ஃபெராரி எஃப்40ஐ 1987இல் அறிமுகம் செய்தபோது 400 அளவில்தான் செய்வதாக இருந்தார்கள். ஆட்கள் கேட்கக் கேட்கச் செய்துகொண்டே போய் 1,300ஐத் தாண்டிவிட்டார்கள். சொன்னதைப் போல மூன்று மடங்குக்கு மேல்! ஆனாலும் இன்று அதன் விலை மில்லியன் டொலர்களில்தான். போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7உம் அப்படித்தான். பந்தய விதிக்காக 500 செய்தால் போதும் என்றிருந்தார்கள், 1,580 செய்தார்கள். விலை போகாமலா இருக்கிறது?

மறுபக்கம் டெலோரியன் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஒரு கடன் அட்டைக் கம்பனியின் நத்தார் விற்பனைப் பட்டியலில் 24 கரட் தங்கமுலாம் பூசிய டெலோரியனை 85,000 டொலருக்குப் போட்டார்கள். நூறு கார் விற்பதாகத் திட்டம். விற்றது இரண்டு. அதைவிடக் குறைந்த எண்ணிக்கை எங்கே கிடைக்கும்? ஆனால் அது ஆட்கள் வேண்டாம் என்றதால் அரிதான கார். இன்று அருங்காட்சியகத்துக்கு நல்ல பொருள். எஃப்40 கனவில் வருகிற மாதிரி அது யார் கனவிலும் வருவதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த கதை 1978 ஷெவ்ரலே கோர்வெட். கோர்வெட்டுக்கு அந்த வருடம் 25 வயது; இண்டியானபொலிஸ் 500 பந்தயத்தில் முன்னால் ஓடும் காரும் அதுதான். அதன் நினைவாகக் கறுப்பும் வெள்ளியுமாக ஓர் எடிஷன் செய்யத் தீர்மானித்தார்கள். முதலில் சில நூறு என்றார்கள், பிறகு 2,500 என்றார்கள். டீலர்மார் எல்லோரும் எனக்கு, எனக்கு என்று நிற்க, ஆளுக்கொன்று கொடுத்து 6,502இல் முடிந்தது. வோல் ஸ்ட்ரீட் ஜேர்னல் முதல் பக்கத்தில் இதைப் பற்றி எழுதியதும் ஒரு காய்ச்சல் பிடித்தது. ஷோரூம் விலையைப் போல இரண்டு மடங்கு கேட்டார்கள், கொடுத்தார்கள். வாங்கியவர்கள் சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றாமல் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்கள், பிள்ளையின் படிப்புக்கு ஆகும் என்று. எல்லோரும் பூட்டி வைத்ததால்தான் வினை. நாற்பது வருடம் கழித்துக் கதவைத் திறந்தால், ஓடாத 1978 கோர்வெட் ஊர் முழுக்க இருக்கிறது. பணவீக்கத்தையும் கழித்துப் பார்த்தால் பலருக்குப் போட்டது தேறவில்லை.

எங்கள் ஊரில் எல்லோரும் ஒரே வருடம் வெங்காயம் போட்ட கதைதான் இது.

அப்படியென்றால் எஃப்40 எப்போதும் ஏறிக்கொண்டேதான் வந்ததா?

அதுவும் இல்லை. 1980களின் கடைசியில் ஃபெராரி விலைகள் ராக்கெட் மாதிரிப் போயின. 1990களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதாரம் விழ, எல்லாம் சேர்ந்து சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் இருபது வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டி வந்தது.

அதே சரிவில் மாட்டியதுதான் ஜாகுவார் எக்ஸ்ஜே220. 1988இல் காட்டிய மாதிரிக் காரில் 12 சிலிண்டர், நான்கு சக்கரமும் இழுக்கும். ஆட்கள் முற்பணம் கட்டி வரிசையில் நின்றார்கள். 1992இல் கையில் கிடைத்ததில் 6 சிலிண்டர், பின்சக்கரம் மட்டும். விலையோ ஏறியிருந்தது. வேண்டாம் என்று நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 350 செய்ய நினைத்தவர்கள் 300ஐக்கூட எட்டவில்லை. அதையும் இப்போது தேடி வாங்குகிறார்கள். ஆனால் ஒரு தலைமுறை போய்விட்டது.

கம்பனி பிறகு அதே மாதிரி இன்னொன்று செய்தால் என்ன ஆகும்?

போர்ஷே 911 ஆர் வாங்கியவர்களைத்தான் கேட்க வேண்டும். 2016இல் 991 கார்கள். 500 குதிரைவலு, பின்சிறகு இல்லை, கையால் மாற்றும் கியர். அந்த நேரத்தில் போர்ஷே 911இன் ஜிடி3 என்ற வகையில் மனுவல் கியரை நிறுத்தியிருந்தது, அதனால் ரசிகர்கள் பாய்ந்து விழுந்தார்கள். அமெரிக்காவில் 1,84,900 டொலருக்கு வந்த கார் சில மாதங்களிலேயே பல மடங்கு கேட்டது. அடுத்த வருடமே போர்ஷே ஜிடி3இல் மனுவலைத் திரும்பக் கொடுத்தது. சிறகில்லாத டூரிங் பக்கேஜும் வந்தது. 911 ஆரின் விலை மளமளவென்று இறங்கியது. இன்றும் அது ஷோரூம் விலைக்கு மேலேதான் நிற்கிறது. கையைச் சுட்டுக்கொண்டவர் உச்சத்தில் வாங்கியவர்தான். ஆகவே ஒரு கார் ஏன் அரிது என்பதைப் பாருங்கள். கம்பனி ஒரு கூட்டம் போட்டுத் தீர்மானித்தால் தீர்ந்துபோகிற அரிதா, இல்லையா?

சில கம்பனிகள் கைமாற்றி விற்பதையே தடுக்கின்றன. ஃபோர்ட் ஜிடி வாங்கியவர்கள் இரண்டு வருடத்துக்கு விற்பதில்லை என்று கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மல்யுத்த வீரர் ஜோன் சீனா அதற்குள் விற்றுவிட, 2017இல் கம்பனி வழக்குப் போட்டது. அடுத்த வருடம் சமாதானமாக முடிந்தது.

ஓட்டாமல் மூடி வைத்தால் விலை கூடும் என்கிறார்களே?

கலிஃபோர்னியாவில் கூடலாம். இங்கே இது உப்புவெளி; பெயரிலேயே உப்பு இருக்கிறது. நிலாவெளிக்குப் போகிற வழியில் உப்பளமே இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கும்போது புழுதி, வாடை தொடங்கினால் ஈரம், இரண்டுக்கும் நடுவில் கடற்காற்று. மூடி வைத்த காரைத்தான் அது முதலில் தின்னும்.

எங்கள் கராஜுக்கு வந்த ஒரு இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரைச் சொல்கிறேன். உரிமையாளர் வெளிநாட்டில். வீட்டுப் போட்டிக்கோவில் நீலத் தறப்பாளால் இறுக்கிக் கட்டி மூன்று வாடை கடந்திருந்தது. மேலே பெயிண்ட் கண்ணாடி மாதிரி. சிநேகிதன் கதவுக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரை மெல்ல வைத்து அழுத்தினான். அது உள்ளே போய்விட்டது. துணிக்கூரையின் ஓரத்தில் மழைநீர் வடிய வேண்டிய துளை சருகால் அடைத்து, தண்ணீர் கதவுக்குக் கீழ்த் தகட்டுக்குள் இறங்கி, உள்ளிருந்தே அரித்திருந்தது. எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் நன்றாகத் தெரியும்.

ஆகவே பிளாஸ்டிக் தறப்பாள் வேண்டவே வேண்டாம். அது வேர்வையை உள்ளே பிடித்து வைக்கும். காற்றுப் போகிற துணி உறை போதும், முடிந்தால் கதவு உள்ள கராஜ். கடற்கரை வீதியில் போய் வந்தால் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கழுவியும் பயனில்லை. வடிகால் துளைகளை ஐப்பசிக்கு முன் ஒருமுறை பாருங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடாகும் அளவுக்கு ஓட்டுங்கள். ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடத்தில் நிறுத்துவது ஓட்டாமல் விடுவதைவிட மோசம், சைலன்சருக்குள் தண்ணீர் தேங்கும். நின்ற காரின் ரயர் பார்வைக்குப் புதிதாகத்தான் இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தைப் படியுங்கள்: 2315 என்றால் 2015ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. அதை நம்பி ஹபரணை வீதியில் வேகம் பிடிக்காதீர்கள்.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வேறு விதமாக மாட்டினோம். சீனக்குடாவில் 99 எண்ணெய்க் குதங்கள் நிற்கிற ஊரில், கியூஆர் காட்டிக் கிழமைக்கு 20 லீட்டர் வாங்க வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஓட்டாமல் விட்ட கார்களின் பெற்றோல் தாங்கிகளை அடுத்த வருடம் முழுக்கக் கழுவினான் என் சிநேகிதன்.

உண்மையான எடிஷனா, வேஷமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதில் எனக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது, வெட்கத்தோடு சொல்கிறேன். 2012இல் கொழும்பில் ஒரு விற்பனையாளர் சிவப்பு மிட்சுபிஷி லான்சர் ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் வெள்ளைக் கோடுகள், முன்னால் பெரிய வாய் வைத்த பம்பர். "எவோ சிக்ஸ், மக்கினன் எடிஷன் தம்பி, நாட்டில் இரண்டுதான்." 1996 முதல் 1999 வரை நான்கு முறை தொடர்ந்து உலக ரலி சம்பியனான பின்லாந்துக்காரர் டொமி மக்கினனின் பெயரில் வந்த எவோ அது; எவோ என்றால் லான்சர் எவலூஷன், லான்சரின் ரலி வகை. பதினைந்து வயதில் என் கொப்பி அட்டையில் ஒட்டி வைத்திருந்த கார். விலையும் கைக்கு எட்டியது. அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. காசைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். ஹபரணையில் மழை பிடித்தது. வீட்டில் நிறுத்தியபோது ஒரு கோட்டின் ஓரம் கிளம்பி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் பொனட்டைத் திறந்து சேஸி நம்பரைப் பார்த்தான். எவோ சிக்ஸ் என்றால் அது சிபி9ஏ (CP9A) என்று தொடங்க வேண்டும். என்னுடையது சிகே2ஏ, சாதாரணக் குடும்ப லான்சர். பம்பர் ஃபைபர், தகடு டபுள் டேப்பில் ஒட்டியது. அந்த சேஸி நம்பர் பதிவுப் புத்தகத்திலும் தெளிவாக இருந்தது. வங்கிக்காரன் நான் அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

அதனால் முதலில் சேஸி நம்பர். நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 என்றால் பிஎன்ஆர்34 (BNR34). ஈஆர்34 என்றிருந்தால் அது ஜிடி-ஆர் வேஷம் போட்ட தங்கச்சி. பிறகு ஜப்பான் ஏலத் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். 4.5, 4 என்று தரம் போட்டிருப்பார்கள். ஆர் என்றிருந்தால் அடிபட்டுத் திருத்திய கார். தகட்டை மட்டும் நம்பி ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள். பதிவில் பெயர் மாற்றாமல் ஓப்பன் பேப்பரில் கைமாறிக்கொண்டே வந்த கார் என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளி நில்லுங்கள். முன்னைய உரிமையாளர்களின் வரிசை தெரியாத காரைச் சேகரிப்பாளர் யாரும் தொட மாட்டார்.

ரிம், சைலன்சர் மாற்றினால் பிரச்சினையா?

மாற்றுங்கள், ஆனால் கழற்றியதைப் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுக்காதீர்கள். எழுதி வைத்து அலுமாரிக்கு மேலே போடுங்கள். அசல் ரிம் நான்கும், இரண்டாவது சாவியும், சேவிஸ் புத்தகமும் இருந்தால் விற்கிற நாளில் உங்கள் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

லண்டனில் மச்சான் எம்எக்ஸ்-5இன் முப்பதாவது ஆண்டு எடிஷன் பார்த்து வைத்திருக்கிறார். வாங்கி இங்கே அனுப்பலாமா?

செம்மஞ்சள் நிறக் கார், 2019, உலகம் முழுக்க 3,000. மச்சான் அங்கேயே வாங்கி அங்கேயே ஓட்டட்டும். இங்கே மூன்று வயதைத் தாண்டிய பாவித்த காரை வழக்கமான வழியில் இறக்க விடமாட்டார்கள். இறக்க முடிந்தாலும் வரி, வரிக்கு மேல் வரி என்று காரின் விலையை விழுங்கிவிடும். விதிகள் வர்த்தமானிக்கு வர்த்தமானி மாறுவதால் முற்பணம் கட்டும் முன் அன்றைய நிலையைப் பாருங்கள். அங்கே வைத்திருப்பதிலும் ஒரு கவனம் வேண்டும்: பனிக்காலத்தில் அவர்கள் வீதியிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள். நாங்கள் கடலோடு படுகிற பாட்டை அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள்!

அப்போ இலங்கையில் ஸ்போர்ட்ஸ் கார் முதலீடே இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு வாங்கி ஐந்து வருடம் வைத்திருந்து ஒரு கோடியே நாற்பது இலட்சத்துக்கு விற்றால் இலாபம் மாதிரித் தெரியும். அதே ஒரு கோடியை நிலையான வைப்பில் 8 சதவீதத்துக்குப் போட்டு வட்டியையும் சேர விட்டிருந்தால், வரிக்கு முன் ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பத்தேழு இலட்சம். வங்கிப் புத்தகத்துக்குக் காப்புறுதியும் டிங்கரிங்கும் பற்றரியும் தேவையில்லை. 2022 கடைசியில் வங்கிகள் 20 சதவீதத்துக்கும் மேல் வட்டி கொடுத்ததை நினைத்தால் இன்னும் வயிறெரியும். விற்கிற நாளில் வாங்குபவர் பெரும்பாலும் கொழும்பில்தான் இருப்பார். இங்கிருந்து 260 கிலோமீற்றர் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டி, அவர் குறை சொல்லத் திரும்ப ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் நல்ல இலாபம் தந்த கார் எது தெரியுமா? ரொயோட்டா விட்ஸும் சுசுக்கி வகன்ஆரும்தான். 2020 மார்ச்சில் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 பக்கம் போனது. மூன்று நான்கு வருடம் ஓட்டிய விட்ஸை வாங்கியதைவிடக் கூட்டி விற்றார்கள். அதில் எந்த எடிஷன் பட்ஜும் இல்லை. இறக்குமதி திறந்ததும் அந்தக் கணக்கும் ஆட்டம் காணத் தொடங்கியது.

தாத்தா விட்டுப்போன மொரிஸ் மைனர் இருக்கிறது. அது சேருமா?

ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஆனாலும் இந்தக் கேள்வி வராத கிழமை இல்லை. மைனரிலும் ஒரு லிமிடெட் எடிஷன் இருந்தது தெரியுமா? பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்ததைக் கொண்டாட 350 கார்கள், இளம் ஊதா நிறத்தில், பட்ஜில் 1,000,000 என்று எழுதி. தாத்தாவுடையது அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் மைனருக்கு இன்னொரு பலம் இருக்கிறது: உதிரிப்பாகம். காலிப் பக்கத்தில் மைனர் பாகங்களைக் கையால் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. பாகம் கிடைக்கிற பழைய கார் சாகாது. அடிப்பலகை நன்றாக இருந்தால் விற்காதீர்கள்.

எந்தக் காருக்கு அடுத்து விலை ஏறும்?

தெரிந்திருந்தால் வங்கியில் இருப்பேனா? ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். பதினைந்து வயதில் சுவரில் ஒட்டிய காரை ஆட்கள் நாற்பத்தைந்து வயதில் வாங்குகிறார்கள். பிளேஸ்டேஷனில் ஆர்34 ஓட்டிய பையன்கள் இப்போது உழைக்கிறார்கள். அமெரிக்காவில் 25 வயதான காரைத் தாராளமாக இறக்கலாம் என்பதால், 1999 ஆர்34க்கு 2024இல் அந்தக் கதவு திறந்தது. விலை அதற்குப் பல வருடம் முன்பே ஏறத் தொடங்கிவிட்டது. கதவு திறக்கும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததே.

சரி, இப்போது உங்களிடம் என்ன கார்?

அதே லான்சர். கோடுகளை உரித்துவிட்டேன், தகடு மேசை லாச்சியில் கிடக்கிறது. ஃபைபர் பம்பர் மட்டும் இன்னும் இருக்கிறது, மாற்றச் சோம்பல். 2022இல் கிண்ணியாவிலிருந்து ஒருவர் வந்து பார்த்துவிட்டு, மக்கினன் என்று நம்பி நான் கொடுத்த காசைவிட மூன்று இலட்சம் கூட்டிக் கேட்டார், சாதாரண லான்சர் என்று தெரிந்தே. கொடுத்துவிட்டு மறுநாள் வங்கிக்கு எதில் போவது?